காதில் இறங்கிய ஷட்டர்

மயிலாப்பூர் ராஜகோபாலனின் இரண்டு காதுகளிலும் சென்ற ஆவணியில் இரும்பு ஷட்டர் முளைத்தது. இதய மருத்துவர் பைபாஸ் என்று சொன்ன கணத்தில் இரண்டும் கடகடவென்று இறங்கின. பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் தாமாகவே ஏறிக்கொண்டன. இயங்கும் விதம் எளிது. கடை ஷட்டரின் உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். இவருக்கு அந்த இடத்தில் பயம் இருந்தது. வில்லை முறுக்கியது தாம்தான் என்று அவருக்கே தெரியாது. "டாக்டர் வாயுன்னுதான் சொன்னார்" என்று மனதாரச் சொல்லிக்கொண்டிருந்தார். இதயத்தில் மூன்று அடைப்புகள். ஒரு மாதத்துக்குள் அறுவை செய்யாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

மனைவி ஜெயலக்ஷ்மி, லஸ் முனையில் ஷட்டர் பழுதுபார்க்கும் இனாயத்தை அழைத்து வந்தார். இனாயத் கிரீஸ் தடவி, காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு சோக்காத்தான் கீது மாமி. உள்ளாற பூட்டிக்கினு கீறாரு. ஒடைக்கக் கூடாது."

"பின்னே என்ன பண்றது பாய்?"

"உள்ள பூட்டுனவன் வெளிய வர்றதுக்கு சைடு கதவு ஒண்ணு வெச்சிருப்பான். அதப் பாருங்க."

ஜெயலக்ஷ்மிக்கு உடனே விளங்கியது. பூங்காவில் நடக்கும்போது ஊரார் வியாதிகளை ஒன்றுவிடாமல் விசாரித்து வருகிறவர் அவர் கணவர். அதற்கெல்லாம் ஷட்டர் இறங்கியதே இல்லை. மாமி கணவரின் இதய ரிப்போர்ட்டை இனாயத்தின் கையில் கொடுத்தார்.

"ஏன்னா, பாவம், பாய்க்கு மூணு அடைப்பாம். பைபாஸாம்."

ஷட்டர் அசையவில்லை.

"ஒரு நாள்கூடத் தள்ளப்படாது" என்றார் ராஜகோபாலன்.

"பயமா கீது சார்" என்றார் இனாயத், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

ராஜகோபாலனே தேதி வாங்கி, அடையாறு மருத்துவமனைக்கு ஆட்டோவும் பிடித்தார். ஒப்புதல் படிவத்தில் எப்படிக் கையெழுத்திடுவது என்று காட்ட, தாமே இட்டார். எழுதியது தம் பெயரைத்தான். காதுக்கு எட்டாதது கைக்கு எட்டியிருந்தது. "இப்படிப் படுத்துண்டா ஆச்சு. இதுக்குப் போய் பயப்படறீரே" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக் காட்டினார். மயக்க மருந்து ஏறும்வரை இனாயத்தின் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னார்.

அறுவை நன்றாக முடிந்தது. தழும்பு இனாயத்தின் மார்பில் வந்தது. அவர் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். இப்போது மாதம் ஒருமுறை இருவரும் பரிசோதனைக்குப் போகிறார்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை ராஜகோபாலனின் மார்பில் வைத்துக் கேட்டுவிட்டு, உப்பைக் குறைக்கும்படி இனாயத்திடம் சொல்கிறார். இனாயத் குறைத்துவிட்டார். ராஜகோபாலனின் ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது.