இலை என்ற சொல்லின் நிறம்

1.

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து வந்தது. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்க சார்ட் பேப்பர்; கால் வைக்க இடமில்லை. நடுவில் முழங்காலிட்டு, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, "இதைப் போய்க் கதை கிதைன்னு எழுதித் தொலைக்காதடா" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அதில் கதை இருப்பதே எனக்கு உறைத்தது.

எப்படித் தொடங்குவது?

"சுவர் பற்றி எரிந்தது, சிவப்பு மையில்…"

(அடித்துவிட்டேன். வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கிற வரி. இழுத்த பிறகு காட்டுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.)

"அக்காவுக்கு அலுப்பாக இருந்தது."

(உண்மை. ஆனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வேறு வரி கிடைக்கும்வரை இதுவே இருக்கட்டும்.)

2.

ஒரு சுவரொட்டி எப்படிக் கண்ணை இழுக்கிறது என்பதை விளக்காமல் மேலே போக எனக்கு மனசில்லை. மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து கடைசி பெஞ்சுவரை தெரியும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து முன்வரிசையைத் தாண்டாது. சிவப்பையும் நீலத்தையும் ஒட்டிப் போட்டால் ஓரங்கள் நடுங்குவதுபோல இருக்கும், கண் கூசும். எழுத்தைச் சுற்றி இடம் விட வேண்டும். கூட்டத்தில் நிற்பவரைவிடத் தனியாக நிற்பவர்தானே முதலில் கண்ணில் படுவார். வரைந்து முடித்ததும் கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். அப்போதும் எது தெரிகிறதோ அதுதான் சுவரொட்டி, மற்றதெல்லாம் ஜிகினா.

இவை எல்லா டீச்சர்களுக்கும் தெரிந்தவை. அக்கா தானாக ஒன்றைச் சேர்த்தாள்: சொல்லை அந்தப் பொருளின் நிறத்திலேயே எழுதுவது. இலை பச்சை. தீ சிவப்பு. மழை நீலம். ஆண்டுத் தொடக்கத்தில் அதை மாட்டியபோது பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, மற்ற டீச்சர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

(அக்காவின் பெருமையைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. இப்போது அதை அவள் படித்தால்… வேண்டாம்.)

3.

வகுப்பில் ஒரு பெண் குழந்தை. முன்பற்கள் இரண்டும் வெளியே எட்டிப் பார்ப்பதால் எல்லோரும் முயல் என்பார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடிக்கும்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. வாசகரின் இரக்கத்தைப் பிடுங்குவதற்கென்றே செய்ததுபோல இருந்தாள். அக்காவிடம் கேட்டேன்.

"ரொம்ப அழகா எழுதிடாத. எந்நேரமும் மூக்கு ஒழுகும். பக்கத்துப் புள்ளையோட பென்சிலத் தின்னும். ஆனா சுவத்துல இருக்கிறத வாசின்னா முதல் கை அவளோடதுதான்."

வெள்ளிக்கிழமை நடந்தது இது. கல்வி அதிகாரி வரப்போகிறார், பழைய சார்ட்டெல்லாம் வெளிறிவிட்டது, புதிதாகப் பளிச்சென்று போடுங்கள் என்று பெரிய டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா ஒரு சொல்லை எழுதும்போதே பச்சை ஸ்கெட்ச் காய்ந்துபோனது. கையில் கிடைத்த சிவப்பால் 'இலை' என்று எழுதித் தூக்கிக் காட்டினாள்.

"தீ" என்றாள் முயல், கையைத் தூக்கியபடி.

வகுப்பு சிரித்தது. விளையாடுகிறாள் என்றுதான் அக்காவும் நினைத்தாள். கரும்பலகையில் நீல சாக்பீஸால் அதே சொல்லை எழுதினாள். "மழை." வெள்ளையால் எழுதினாள். முயல் பலகையைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

பிள்ளைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பாடப்புத்தகத்தைப் பக்கத்துப் பெண் வாசிக்கும்போது கேட்டுவைத்து அப்படியே ஒப்பித்துவிடுவாள். சுவரில் இருப்பதற்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அக்காதான் வழி செய்து கொடுத்திருந்தாளே.

4.

திங்கட்கிழமை அதிகாரி ஒவ்வொரு பிள்ளையையும் சுவருக்குக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். வாசிக்காத பிள்ளை பின்கட்டில் இருக்கும் தனி வகுப்புக்குப் போக வேண்டும். அங்கே சொல்லித்தர டீச்சர் உண்டு, பெயரளவில். வேறு வகுப்புகளுக்கும் அவரே பொறுப்பு என்பதால் அறைப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து அக்கா பார்த்ததில்லை.

மாமா (அக்காவின் கணவர்) சோபாவில் உட்கார்ந்து ஓரத்துக்கு ஒட்டும் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"பச்சைய வாங்கிட்டு வந்து பழையபடியே எழுது. பொண்ணு தப்பிச்சிடும். உம் பேரும் தப்பிச்சிடும்" என்றார்.

"தப்பிச்சிட்டா அப்புறம்?"

"அப்புறம் நீ சொல்லிக் குடு. டீச்சர்தான நீ?"

"தெனம் ஸ்கூல் விட்ட பிறகு ஒக்காத்தி வெச்சு, 'அ'னாலேருந்து ஆரம்பிக்கணும். வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டவே எனக்குத் தெம்பில்ல."

"அப்போ எல்லாத்தையும் கறுப்புல எழுதிட்டுப் படு."

"கறுப்புல எழுதுனா இன்னும் எத்தன முயல் வெளிய வருமோ."

மாமா கத்தரியைக் கீழே வைத்தார். "காபி போடட்டா?"

"போடுங்க. அது ஒண்ணுதான் உங்களால ஆகும்."

5.

முடிவு ஒன்று: பச்சை. முயல் கணீரென்று வாசிக்கிறாள், அதிகாரி முதுகில் தட்டுகிறார். எழுதிவிட்டேன். ஆனால் அதற்கடுத்த நாள் மாலை, காலி வகுப்பில் அக்கா அவளுக்குச் சொல்லித்தரும் காட்சி வரவேயில்லை. அக்காவை நாற்காலியில் உட்காரவைக்க முயலும்போதெல்லாம் அவள் பையை எடுத்துக்கொண்டு…

முடிவு இரண்டு: கறுப்பு. நேர்மையான முடிவு. அதில் எல்லோரும் நேர்மையாக இருக்கிறார்கள், முயல் மட்டும் வாய் திறக்காமல்…

முடிவு மூன்று: அதிகாரிக்குக் காய்ச்சல். இதை அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அடுத்த வாரம் வருவாருடா" என்றாள்.

அவள் உண்மையில் என்ன செய்தாள் என்று கேட்டேன். வேறு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஆகவே இவ்வளவுதான் என்னால் முடிந்தது. திங்கட்கிழமை காலை. புதிய சார்ட் மாட்டியாகிவிட்டது. முயல் சுவருக்கு முன்னால் நிற்கிறாள். அதிகாரியின் குச்சி 'இலை' என்ற சொல்லின் கீழே வந்து நின்றிருக்கிறது. அவள் சுவரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்க்கிறாள். சொல்லின் நிறத்தை நான் எழுதவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

பச்சை என்று எழுதுகிறவர்கள் சாயங்காலம் மணி அடித்த பிறகு அவள் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கறுப்பு என்று எழுதுகிறவர்கள் பின்கட்டு அறைவரை அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். வழியில் அவள் கேட்பாள்: "டீச்சர், இன்னொரு தடவ சொல்லவா?"