நாற்பது பேரின் சொந்தக் கருத்து

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இனிமேல் அடுத்தவரை மசிய வைக்கும் கட்டுரை எழுத வேண்டாமாம், தங்கள் சொந்தக் கருத்தை எழுதினால் போதுமாம். அடேயப்பா, என்ன கரிசனம்!

தமிழ் டீச்சர் அதை இரண்டு தரம் படித்தாள். ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. வியாழக்கிழமை வகுப்பைப் பார்வையிட வரும் அதிகாரி நல்லபடியாக நாலு வரி எழுதினால் நிரந்தரம். இல்லையென்றால் வருஷக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அவள் அம்மா வேறு, வேலை கிடைத்துவிட்ட மாதிரி தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டாள்.

பழைய நோட்டை எடுத்தாள். மசிய வைக்கும் கட்டுரை ஒன்று தயாராக இருந்தது: 'வீட்டுப்பாடத்தின் அவசியம்'. கடைசியில் இருந்த 'ஆகவே அனைவரும் ஆதரிப்பீர்' என்பதை அடித்தாள். தொடக்கத்தில் 'என் கருத்தில்' என்று சேர்த்தாள். வேலை முடிந்தது.

"எழுதிக்கோங்க. இது உங்க சொந்தக் கருத்து. ஒரு எழுத்து மாறக் கூடாது."

கடைசி பெஞ்சு வாயாடி எழுந்தாள். "மிஸ், எனக்கு வீட்டுப்பாடமே பிடிக்காதே?"

"அதெல்லாம் வீட்டோட வச்சுக்கோ. இங்க சொந்தக் கருத்தை மட்டும் எழுது."

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நோட்டுகளைப் புரட்டினார். "நாற்பது பேருக்குமா வீட்டுப்பாடம்னா உயிர்?"

"ரொம்ப ஒற்றுமையான வகுப்பு சார்," என்று குழைந்தார் தலைமை ஆசிரியர்.

அதிகாரி டீச்சர் பக்கம் திரும்பினார். "இந்தப் புது முறையைப் பத்தி உங்க கருத்து என்ன?"

போச்சுடா! இதற்கு நோட்டில் பதில் இல்லை. ஒன்பது வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதும் இல்லை. டீச்சர் தலைமை ஆசிரியரைப் பார்த்தாள். அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கையிலிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். அவமானத்தில் டீச்சரின் காது சுட்டது.

வாயாடிக்கு மனசு கேட்கவில்லை. "'என் கருத்தில்'னு ஆரம்பிங்க மிஸ்," என்று கிசுகிசுத்தாள்.

"என் கருத்தில்..." என்று ஆரம்பித்து டீச்சர் நின்றுவிட்டாள்.

நாற்பது பேரும் எழுந்து எடுத்துக் கொடுத்தார்கள். "வீட்டுப்பாடம் மிகவும் அவசியம்!"

வேலை போனது போனதுதான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அவளிடமே நீட்டினார்.

'மாணவர்கள் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆசிரியைக்குக் கருத்து எதுவும் இல்லை. நிரந்தரமாக்கலாம்.'