வைத்திக்குப்பத்து ‘யூ நோ’ நெத்திலி

பெயர் நிலவன், வயது இருபத்து மூன்று, இருப்பது புதுச்சேரி வைத்திக்குப்பத்தில், மீன் விற்கும் அஞ்சலாட்சி வீட்டு மாடி அறையில். இங்கிலீஷ் பேசும்போது அவன் வாயிலிருந்து நெத்திலி விழும். திண்டிவனம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் அது தொடங்கியது. ரெட்டியார்பாளையத்தில், வெளிநாட்டுக்காரர்களின் இன்டர்நெட் புகார்களைக் கேட்கும் கால் சென்டரில் உட்கார்ந்து ஒரு ‘ஆக்சுவலி’ சொன்னான், மேசையில் ஒரு நெத்திலி துள்ளியது. ‘யூ நோ’வுக்கு இரண்டு. ‘ஐ மீன்’ கொஞ்சம் பெரிதாக, மத்தி அளவுக்கு வந்தது. தமிழில் ‘வந்து, வந்து’ என்று எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் விழாது. மறுமுனையில் திட்டுகிறவர்களின் கெட்ட வார்த்தைகள் ஹெட்செட் வழியாக நண்டாக இறங்கும். நண்டு அங்கே எல்லோருக்கும் வரும், மீன் இவனுக்கு மட்டும்தான்.

டீம் லீடர் செல்வகுமாருக்கு மீன் ஒரு பொருட்டில்லை. “மீனு வரட்டும் நிலவா, அது உன் சொந்த விஷயம். ஆனா ‘யூ நோ’ மாதிரி ஃபில்லர் வார்த்த வந்தா மார்க் போவும். மாசக் கடைசில டெஸ்ட் கால். அதுல போச்சுன்னா ஊருக்கு பஸ் ஏறு” என்றார். ஊரில் அவன் அம்மா ஜெயம், மகன் வெள்ளைக்காரர்களுக்கே யோசனை சொல்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை.

அதனால் நாக்கு நுனிக்கு வந்ததையெல்லாம் விழுங்கத் தொடங்கினான். இங்கிலீஷ் சுத்தமானது. ஆனால் மூச்சு விடாமல் வந்த அந்தச் சுத்தத்தைக் கேட்டவர்கள், ஏதோ மெஷின் பேசுகிறது என்று நினைத்து இரண்டு மடங்கு திட்டினார்கள். தரையெல்லாம் நண்டு. அவன் வயிறும் வீங்கிக்கொண்டே போனது. அஞ்சலாட்சி அவனைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். ஸ்கேனில் ஒரு கூட்டமே நீந்தியது. டாக்டர் நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

“இங்கிலீஷ் எத்தினி வருஷமா பேசறீங்க?”

“ஆறாவதுலேர்ந்து சார். வாயத் தொறந்து பேசறது இப்பத்தான்.”

“முழுங்காதீங்க. வேற மருந்து இல்ல.”

திரும்பும் வழியில் அஞ்சலாட்சி, “என்கிட்ட குடுத்திருந்தா வறுத்தாவது தின்னுருப்பேன். வளக்கறானாம், வயித்துல” என்றாள்.

“வேல போயிடுமேக்கா.”

“உசுரு போனா மட்டும் வேல இருக்குமாடா?”

டெஸ்ட் காலில் வந்தவர் ஒரு கிழவர். இன்டர்நெட் வராத கோபத்தில், ஒரு வார்த்தையை நடுவில் வெட்டி அதற்குள் கெட்ட வார்த்தையைச் செருகித் திட்டுகிறவர். இறங்கிய ஒவ்வொரு நண்டும் இரண்டு கொடுக்கிலும் பாதிப் பாதி வார்த்தையைப் பிடித்திருந்தது. பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டில் செல்வகுமார் கேட்டுக்கொண்டிருந்தார். நிலவனுக்குத் தொண்டை வரைக்கும் மீன். விழுங்கினால் பாஸ். அம்மா முகம் ஒரு தடவை வந்து போனது. வாயைத் திறந்துவிட்டான். “வெல்… யூ நோ சார்… ஐ மீன்… ஆக்சுவலி…” மேசை நிரம்பி மடி நிரம்பி முழங்கால் வரைக்கும் கொட்டியது. மறுமுனையில் திட்டு நின்றது. பிறகு கிழவர் மெல்ல, “யூ நோ…” என்று ஆரம்பித்து, மனைவி போனபின் பேத்தி முகத்தைப் பார்க்க அந்த இன்டர்நெட்தான் இருக்கிறது என்றார். அவர் குரல் வந்த ஹெட்செட்டிலிருந்து, முதல் தடவையாக, ஒரு நெத்திலி விழுந்தது.

செல்வகுமார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். “ஃபில்லர்ல உனக்கு மார்க் சைபர். ஆனா கடைசில அந்தாளு ஒரு நண்டு கூட அனுப்பல. இங்க யாருக்கும் அப்படி நடந்ததில்ல. இருந்து தொல” என்றார்.

இப்போது சாயங்காலம் கால் சென்டர் மீன் வைத்திக்குப்பத்துக்கு வந்துவிடுகிறது. உப்பு கொஞ்சம் கம்மி என்பதைத் தவிர வாங்குகிறவர்கள் குறை சொல்வதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது திண்டிவனம் பக்கம் போனால், ஜெயத்திடம் மகனுக்கு வேலை நிலைத்துவிட்டது, கருவாடு அனுப்புகிறான் என்று சொல்லுங்கள். வயிறு வீங்கியதை மட்டும் சொல்ல வேண்டாம்.