ஸ்டார்ட் ஆகாத கார்

ஹேமநாதன் கார் வாங்கியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். வாங்கியது பஸ் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

ஜொகூர் மாநிலத்துச் செனாயில் அவன் இருந்த தாமான் குடியிருப்பில் "உன் காரில் வரலாமா" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் வேற்று மனிதர்போல் ஆகிவிடும். அதனால் பக்கத்து வீட்டு செபஸ்தியன் அங்கிள் கேட்காமலே முன்சீட்டில் ஏறி, சீட்டைப் பின்னால் தள்ளி, "முட்டி வலி தம்பி" என்று கால் நீட்டிக்கொண்டார். அவர் மனைவி வினிஃப்ரெட் ஆண்ட்டி மிளகாய்ச் சம்பல் வாளியோடு பின்னால் ஏறினார். எதிர்வீட்டு தனலெட்சுமி அக்கா ஏறிக் கதவைச் சாத்தி, "போலாம்" என்றார். ஹேமநாதன் வண்டியை எடுத்தான். வேறென்ன செய்வது?

அங்கிள் ஒரு சரக்குக் கிடங்கில் காவலாளி. ஆண்ட்டிக்கு ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல். அக்காவுக்குக் கிளினிக்கில் துப்புரவு வேலை. மூன்றுமே ஹேமநாதன் வேலை பார்த்த எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்குப் போகிற வழியிலேயே இருந்தன. வழியில் வேலை பார்ப்பது குற்றமாகாது.

கெட்டவர்களாக இருந்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். மூவரும் நல்லவர்கள், மெதுவானவர்கள். வாயில் காவலே தொழில் என்பதால் அங்கிளுக்குத் தன் வீட்டுப் பூட்டின்மேலும் அடுப்பின்மேலும் நம்பிக்கை இல்லை; தெருமுனை வரை போன பிறகு "கேஸ் மூடினேனா?" என்று வண்டியைத் திருப்பச் சொல்வார். ஆண்ட்டியின் சம்பல் ஆறினால்தான் வாளிக்குப் போகும். அக்கா மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத்தான் வருவார்; வேன் எப்போது வரும் என்பது வேனுக்கே தெரியாது.

விளைவு, வேலைக்குச் சேர்ந்த ஐந்து மாதத்தில் வருகைப் பதிவில் ஹேமநாதன் பெயருக்கு எதிரே தாமதக் குறி சிவப்பாக நிறைய விழுந்திருந்தது. சூப்பர்வைசர் குணாளன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாசக் கடைசி வெள்ளிக்கிழம உன்னை நிரந்தரம் பண்ணணும். அதுக்குள்ள இன்னொரு தடவ லேட்டா வந்தேன்னா என்னால கையெழுத்துப் போட முடியாது. வேலை போயிரும். மேலிடத்துல நான் என்னன்னு சொல்றது? பஸ் வரலன்னா? நீதான் கார் வச்சிருக்கியே லா!"

அன்றிரவு ஹேமநாதன் கண்ணாடி முன் நின்று "நாளையிலேருந்து என்னால முடியாது" என்று சொல்லிப் பழகினான். கண்ணாடி உடனே ஒப்புக்கொண்டது. காலையில் கேட்டருகே போய், "ஆண்ட்டி, நாளையிலேருந்து..." என்று ஆரம்பித்தான். ஆண்ட்டி சுடச்சுட ஒரு வடையை அவன் வாயில் வைத்தார்.

"சொல்லு தம்பி."

"ஒண்ணுமில்ல ஆண்ட்டி. நல்லா இருக்கு."

மறுநாள் அவன் சொன்னது வேறு: "கார் ஸ்டார்ட் ஆகல."

"அலமாக்!" என்றார் அங்கிள். மூவரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு காரைச் சுற்றிவந்து நின்றுவிட்டு, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். அவனும் பஸ்ஸில் போயிருக்கலாம்தான். ஆனால் கூடவே கேஸும் சம்பலும் பள்ளி வேனும் வருமே. ஊரடங்குக் காலத்தில் வாங்கி, இரண்டு முறை ஓட்டி, பிறகு துண்டு காயப்போட வைத்திருந்த சைக்கிளை வெளியே இழுத்தான்.

கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் சைக்கிள் ஓட்டுபவனுக்குக் கடவுள் பக்தி தானாக வரும். ஆனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தான். விரல் வைக்கும் மெஷின் அவனைப் பச்சையாக வரவேற்றது.

"என்னடா, குளிச்சிட்டு நேரா வந்துட்டியா?" என்றார் குணாளன்.

"வேர்வை, பாஸ்."

ஒரு சிக்கல்தான். அவன் போகிற வழியில்தான் அந்த பஸ் ஸ்டாப். அந்த வட்டாரத்தில் வயதுவந்த ஆண் ஒருவன் சைக்கிளில் போனால் இரண்டே அர்த்தம். இறுக்கமான அரைக்கால் சட்டையும் ஹெல்மெட்டும் போட்டிருந்தால் வசதியானவன். முழுக்கால் சட்டையைக் கணுக்காலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தால் வாழ்க்கை கவிழ்ந்துவிட்டது. ஹேமநாதனுக்கு ரப்பர் பேண்டு.

இரண்டாம் நாளே மூவரும் நிவாரணப் பொருட்களோடு சாலையோரம் காத்திருந்தார்கள். ஆண்ட்டி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டினார். அங்கிள் எங்கிருந்தோ கொண்டுவந்த பம்பால் காற்றுள்ள டயருக்கே மறுபடி காற்றடித்தார். அக்கா சைக்கிளின் முன்விளக்குக்குத் திருநீறு பூசி, "லாரிக்காரன் கண்ணுல படணும்ல" என்றார். அன்றைக்கு மெஷினில் அவன் விரல் வைத்தபோது கடைசி நிமிஷம். தப்பிக்கத்தான் பொய் சொன்னான். இப்போது சைக்கிளையும் நிறுத்தித் தாமதப்படுத்துகிறார்கள். அதுவும் அன்பால். அதன்பிறகு அவர்களுக்காகவே வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்பினான்.

மாசக் கடைசி வெள்ளிக்கிழமை மழை. பஸ் ஸ்டாப்புக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் பின்டயர் பஞ்சர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதே பக்கத்தில் பஸ் அவனைக் கடந்து போய் ஸ்டாப்பில் நின்றது. அதை விட்டால் அடுத்த பஸ் எப்போதோ. வேலை போனதுபோலத்தான் என்று ஹேமநாதனின் கால்கள் பாதி நின்றுவிட்டன.

அங்கிள் அவனைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். ஒரு காலைப் படியில் வைத்து, மறு காலை ரோட்டிலேயே விட்டு, "அம்மாடி, முட்டி!" என்று அப்படியே நின்றுவிட்டார்.

"செப்பாட், பாக்சிக்!" என்று டிரைவர் அவசரப்படுத்தினார்.

"முட்டி ஏறுதுப்பா, ஏறுது, மனுஷன்தான் ஏறல."

ஒருவழியாக அவர் ஏறியதும் ஆண்ட்டி படியில் நின்று பஸ் கார்டைத் தேடினார். கைப்பையில் இல்லை. சம்பல் வாளிக்கு அடியில் இல்லை. வாளியைத் திறந்தும் பார்த்தார். அவருக்குப் பின்னால், மூன்று வாரமாக அதே பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும் அக்கா, அது எங்கெங்கே போகும் என்று டிரைவரிடம் ஒவ்வொரு ஊராகக் கேட்டார்.

"குளுவாங் போகுமா?"

"போகாது, அக்கா!"

"காஹாங்?"

தாமதப்படுத்துவதில் அந்த மூவருக்கு ஜொகூரிலேயே இணை கிடையாது. ஹேமநாதன் சைக்கிளைக் கம்பத்தோடு பூட்டி, ஓடிவந்து படியில் கால்வைத்த அந்த நொடியில் ஆண்ட்டிக்குக் கார்டு கிடைத்தது. இவ்வளவு நேரமும் கையில்தான் இருந்தது.

பஸ் நகர்ந்தது. ஈரம் சொட்ட நின்றவனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அங்கிள், கார் கெட்டுப்போகல."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"மொத ஞாயித்துக்கிழமையே தெரியும். நாங்க சர்ச்ல பூசை முடிஞ்சு வெளிய வரோம், நீ உங்கம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கிட்டு சிக்னல்ல நிக்கிற. எங்களைப் பார்த்து குனிஞ்சிட்ட. கார் குனியல."

அன்று பயந்துபோய் வீட்டுக்கு வந்து காரை உறைபோட்டு மூடியவன், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ இன்னொரு பொய் சொல்லணும். பாவம், ஒண்ணுக்கே உனக்கு முகம் வெளுத்துப் போயிருந்துச்சு" என்றார் அக்கா.

அவன் நிரந்தர வேலையைப் பற்றியும் குணாளன் சொன்னதையும் சொன்னான். ஆண்ட்டி முந்தானையால் அவன் நெற்றி ஈரத்தைத் துடைத்தார்.

"அன்னிக்கே வாய் வரைக்கும் வந்துச்சு. நான்தான் வடைய வச்சு அடைச்சிட்டேன்."

"லேட்டாகுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் கேஸைப் பார்த்துட்டே ஏறியிருப்பேன்ல" என்றார் அங்கிள். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

அன்று மெஷின் பச்சை காட்டியது. மாலையில் குணாளன் கைகுலுக்கினார்.

திங்கட்கிழமை ஹேமநாதன் வெளியே வந்தபோது மூவரும் கேட்டில் தயாராக நின்றார்கள். சம்பல் ஆறியிருந்தது. கேஸை அங்கிளும் ஆண்ட்டியும் ஆளுக்கு ஒரு முறை பார்த்துவிட்டார்களாம். மகளை வேனில் ஏற்றும் வேலையை அக்கா தன் கணவரிடம் ஒப்படைத்திருந்தார். ஹேமநாதன் உறையை உருவி, உட்கார்ந்து, சாவியைத் திருப்பினான்.

டிக்.

மறுபடி திருப்பினான். டிக். மூன்று வாரம் மூடியே கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது.

"ஸ்டார்ட் ஆகல" என்றான்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பரவாயில்ல தம்பி" என்றார் ஆண்ட்டி, மிக மென்மையாக.

"இல்ல ஆண்ட்டி, இந்தத் தடவ சத்தியமா..."

"நாங்க ஒண்ணும் கேக்கலியே" என்று அங்கிள் அவன் தோளைத் தட்டினார். "வா, பஸ்ஸுல போவோம். நல்லாத்தான் இருக்கு, முட்டிய நீட்ட எடம் இருக்கு."

நால்வரும் நடந்தார்கள். தெருமுனைக்குப் போனதும் ஹேமநாதன் நின்றான். கார் கதவைப் பூட்டினேனா? நினைவில்லை. திரும்பி ஓடினான்.

பின்னாலிருந்து அங்கிளின் குரல் கேட்டது.

"தம்பி, சீக்கிரம் வா லா! எங்களுக்கு லேட்டாகுது!"