கேட்டு எடுத்த கூறை

"அக்கா, உங்க கடையில ஒண்ணுமே இல்லையே?"

தொலைபேசியில் வந்த குரலில் கேலி இல்லை. அதனால்தான் ஷாமளாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மலேசியாவில், பாடாங் செராய் கடைவரிசையில் ஃபரீதாவின் புடவைக் கடை. அலமாரி பிதுங்கப் பிதுங்கப் பட்டு. அதற்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவள் ஷாமளா. கடையின் பின்பக்க மேசைதான் அவள் ஆபீஸ். அவசரமாகப் பக்கத்தைத் திறந்தாள். புடவைகள் வரிசை வரிசையாக மினுங்கின.

"இருக்கே தம்பி. நல்லாப் பாருங்க."

"பாக்கத்தான் முடியாதுக்கா." அவன் சிரித்துவிட்டான். "எனக்குக் கண்ணு தெரியாது. போன் வாசிக்கும், நான் கேப்பேன். கடைப் பேரு வாசிச்சுச்சு. போன் நம்பர் வாசிச்சுச்சு. நடுவுல வெறும் காத்து."

பெயர் புவனேஸ்வரன். சுங்கை பட்டாணியில் ஓர் அலுவலகத்துக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுகிறவன். பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சல், பார்வையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டிய கூறைப் புடவையைத் தானே எடுப்பது என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"நேரா கடைக்கு வாங்களேன். தொட்டுப் பாத்து எடுக்கலாம்."

"வேற கடைக்குப் போய்ப் பாத்தாச்சு. உள்ள நுழைஞ்சாப் போதும், எல்லாரும் எனக்குக் கண்ணாயிடறாங்க. எங்க அக்கா ஒண்ணு சொல்லுது, கடைக்காரர் ஒண்ணு சொல்றாரு, சும்மா நின்ன ஆன்ட்டி ஒண்ணு சொல்றாங்க. எனக்கு வரப்போறவளுக்கு நான் எடுத்ததா இருக்கணும் லா. வெள்ளிக்கிழமை சுங்கை லாலாங் முனீஸ்வரர் கோயில்ல புடவைய வெச்சுக் கும்பிடணும். அதுக்குள்ள நான் எடுக்கலேன்னா அக்கா எடுத்துடும்."

போனை வைத்தபின் ஷாமளா தன் கைப்பேசியில் வாசிக்கும் குரலை முடுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைப் பெயர். பிறகு தொலைபேசி எண். நடுவில் காற்றுகூட இல்லை.

குற்றவாளி யார் என்று புரிய வெகுநேரம் ஆகவில்லை. அவளேதான்.

நம் ஊர்க் கடைக்காரர்களின் பழக்கம் தெரிந்ததுதானே. புடவையைப் படம் எடுத்து, படத்தின் மேலேயே பெயர், விலை, 'உடனே மெசேஜ் பண்ணவும்' என்று பூப்போட்ட எழுத்தில் எழுதி, வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். ஃபரீதாவும் அப்படித்தான் அனுப்பினாள். ஷாமளா அந்தப் போஸ்டர்களைச் சுருக்குவழியில் சி.எஸ்.எஸ். கொண்டு பின்னணித் திரைகளாகத் தொங்கவிட்டிருந்தாள். சி.எஸ்.எஸ். என்பது இணையப் பக்கத்துக்கு ஒப்பனைக்காரி. முகத்துக்குப் பவுடர் போடுவாள், பேச மாட்டாள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டியது எச்.டி.எம்.எல்.; வாசிக்கும் குரலுக்குத் தெரிவது அது மட்டும்தான்.

"ஃபரீதாக்கா, எழுத்து இல்லாத படம் வேணும். எல்லாத்தையும் பிரிச்சுப் போடுங்க. ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு சொல்லுங்க, படத்துக்குப் பதில் வாசிக்கிற மாதிரி எழுதணும்."

வெளியே மத்தியான மழை பிடித்துக்கொண்டது. வாங்க வருவார் இல்லை. மேசையில் பட்டு மலர்ந்தது.

"இது என்ன கலரு?"

"சிவப்பு."

"எந்தச் சிவப்புக்கா? அந்தத் தம்பிக்குச் சிவப்பு ஞாபகம் இருக்கு. எதுன்னு சொன்னாத்தான் புடிச்சுக்குவாரு."

ஃபரீதா தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ரம்புத்தான் தோலு. பழுத்து ரெண்டு நாள் மேசையில கெடந்த ரம்புத்தான்."

"அது கறுத்துப் போயிருக்குமே!"

"சரி, ஒரு நாள்னு போட்டுக்கோ புள்ள. நீயும் ஒன் வக்கீல் கேள்வியும்!"

ஷாமளா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஃபரீதா சொல்லச் சொல்ல நிறங்கள் இருட்டுக்குள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. வாழைக் குருத்து வந்தது. மயில் கழுத்து வந்தது. செம்பனைப் பழத்தின் ஆரஞ்சு, மழையில் நனைந்துகொண்டே வந்தது. ஓட்டில் விழுந்த மழையும் பட்டின் சரசரப்பும் ஒன்றாகி, கடையே மெல்ல மிதக்கத் தொடங்கியது போல இருந்தது. கண்ணைத் திறக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

திறந்ததும் தட்டச்சு செய்தாள். கோடு போட்ட மாதிரி நேராக நிற்க வேண்டும் என்று, மேல்வரிசையில் நான்கு படம், அதன் கீழ் நான்கு பெயர், அதன் கீழ் விலைகள், கடைசியில் 'வேண்டும்' என்ற பொத்தான்கள். இரண்டாவது புடவை ஏற்கெனவே விற்றுப் போயிருந்தது. அதற்குப் பொத்தான் எதற்கு? எடுத்துவிட்டாள்.

அங்கேதான் கத்தி மறைந்திருந்தது.

மறுநாள் காலை ஆர்டர் வந்தது: நான்காவது புடவை, புவனேஸ்வரன். ஃபரீதா எடுத்துக் கட்டிவைத்தாள். பதினொரு மணிக்குப் புடவையை வாங்கிப்போக அவன் அக்கா அழகம்மா வந்தாள். பொட்டலத்தைப் பிரித்தாள். முகம் வெளிறியது.

"கருப்பு! கூறைக்குக் கருப்பா? ஐயோ, முனீஸ்வரா!"

உடனே தம்பியைப் போனில் பிடித்தாள், ஸ்பீக்கரில். "டேய் புவனா, என்னத்தடா எடுத்து வெச்சிருக்க? கருப்புல வெள்ளிக் கரை! நான் பாத்து எடுக்கறேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டியா?"

மறுமுனையில், அதுவரை ஷாமளா கேட்டிராத ஒரு சின்னக் குரல். "மாம்பழ மஞ்சள்னுதானே... சரிக்கா. நீயே எடுத்துடு."

ஷாமளா சட்டென்று திரையைப் பார்த்தாள். மாம்பழ மஞ்சள் மூன்றாவது. கருப்பு நான்காவது. இரண்டாவதற்குப் பொத்தான் இல்லை. ஆக, மூன்றாவது பெயருக்கென்று எண்ணி அவன் அழுத்திய மூன்றாவது 'வேண்டும்', நான்காவது புடவைக்கு உரியது. வெற்றிடத்தைக் கண் தாண்டிவிடும். காதுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

"தம்பி, வைக்காதீங்க! நீங்க சரியாத்தான் எண்ணுனீங்க. நான்தான் தப்பா அடுக்கிட்டேன்." அழகம்மாவின் பக்கம் திரும்பினாள். "அக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. அவரே எடுக்கட்டும்."

"நாளைக்கு வியாழன்மா. மறுநாள் கோயிலு."

"மத்தியானம் வரைக்கும்தான்."

அழகம்மா பெருமூச்சு விட்டாள். "சரி. ஆனா நானும் இங்க வந்து நிப்பேன்."

ஷாமளா வரிசைகளை அப்படியே பிரித்துப் போட்டாள். ஒரே பட்டியல். ஒரு புடவைக்கு ஓர் இடம். பெயர் தலைப்பாக முன்னே, அதை ஒட்டிப் படம், படத்துக்கு ஃபரீதாவின் வார்த்தை, விலை, பொத்தான், எல்லாம் அந்த ஒரே கூரையின் கீழ். பொத்தானும் இனி மொட்டையாக 'வேண்டும்' என்று முனகாது. 'மாம்பழ மஞ்சள் வேண்டும்' என்று முழுதாகச் சொல்லும். விற்றுப் போனது, 'விற்றுவிட்டது' என்று தானே சொல்லிக்கொள்ளும். படத்தை மேலே தூக்கி வைப்பதையும், நேர்கோட்டில் நிறுத்துவதையும் ஒப்பனைக்காரியிடம் ஒப்படைத்தாள். அவளுக்கு அது கைவந்த வேலை.

ஃபரீதா எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே மாறலையே? காலையிலேர்ந்து என்னத்தப் பண்ணின?"

"அதான்க்கா பண்ணினேன்."

வியாழன் பதினொன்றரை. அழகம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். புவனேஸ்வரன் சுங்கை பட்டாணியில் தன் கணினி முன் உட்கார்ந்து வாசிக்கவிட்டான். அந்தக் குரல் போன் வழியாகக் கடைக்குள் கசிந்து வந்தது. 'வாழைக் குருத்துப் பச்சை. மெல்லிய ஜரிகை.' அடுத்து இன்னும் சில. 'ரம்புத்தான் சிவப்பு.' ஷாமளாவின் மனம் துள்ளியது. அதுதான், அதைத்தான் எடுக்க வேண்டும், கடையிலேயே அழகு அது.

அவன் தாண்டிப் போய்விட்டான். மேலே திரும்பி மாம்பழ மஞ்சளில் நின்றான். அதையும் விட்டான்.

'மங்குஸ்தீன் தோல் நிறம். பழம் நன்றாக முற்றியது. அகலப் பொன் கரை.'

திரும்பவும் அதையே வாசிக்கவிட்டான். திரும்பவும்.

"புவனா, அது இருட்டா இருக்குடா," என்றாள் அழகம்மா.

"ஷாமளாக்கா, அது கருப்பா?"

ரம்புத்தான் என்ற சொல் ஷாமளாவின் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. அதை அப்படியே விழுங்கினாள். "இல்ல தம்பி. எழுதியிருக்கறதுதான்."

"எஸ்டேட் வீட்டுக்குப் பின்னால மங்குஸ்தீன் மரம் இருந்துச்சு. தின்னுட்டு வந்தா விரல்ல கறை. சோப்பு போட்டாலும் போகாது. அம்மா கண்டுபுடிச்சு அடிக்கும்." அவன் தனக்குள் சிரித்துக்கொண்டது கேட்டது. "நான் பாத்ததுல நல்லா ஞாபகம் இருக்கற கலரு அதான்க்கா."

ஷாமளாவின் கணினியில் 'டிங்' என்றது. மங்குஸ்தீன் வேண்டும். பெயர்: புவனேஸ்வரன்.

ஃபரீதா அந்தப் புடவையை மேசையில் விரித்தாள். அழகம்மா வெகுநேரம் பார்த்தாள். கரையைத் தடவினாள். கண்ணை மூடிக்கூடப் பார்த்தாள்.

"எனக்குப் புடிக்கல," என்றாள் கடைசியில், ஒளிவுமறைவில்லாமல். "நானா இருந்தா எடுத்திருக்க மாட்டேன்."

திருப்பி மடிக்கப் போன ஃபரீதாவின் கையை அழகம்மா தடுத்தாள்.

"அவன் எடுத்துட்டான். நல்ல பையாப் பாத்துப் போட்டுக் குடுங்கம்மா, கோயிலுக்குப் போறது."