ஐந்தாவது ஏன்

சிங்கராயர் வீட்டு ஜாஸ்லினுக்குச் சென்னையில் சீட் கிடைத்திருக்கிறது என்ற செய்தி ஓசூர் மூணாவது கிராஸ் தெரு முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. ஜெனரல் ஷிப்ட் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக் கிளம்புவதற்குள் எதிர்வீட்டுச் சென்னம்மா வாசலில் வந்து நின்றுவிட்டாள். கையில் காலி டம்ளர். சர்க்கரை கேட்க வந்தாளாம். சென்னம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம் ஆகிறது.

"ஏனம்மா, சென்னையாமே? பெரிய காலேஜாமே? ஹௌதா, நெசந்தானா?"

"ஆமா ஆன்ட்டி."

"இன்னா படிப்பு?"

ஜாஸ்லின் தரையைப் பார்த்தாள். "செராமிக்."

"அப்படின்னா?"

"பீங்கான்..."

"கப்பு சாசரா?" சென்னம்மா கொஞ்சம் யோசித்தாள். "பாத்ரூம்ல உக்கார்றோமே, அந்தப் பீங்கானும் அதுலதான வருது?"

உள்ளே ஜாஸ்லினின் அம்மா சாராள் குக்கரை இறக்கி வைத்த சத்தம் தேவைக்கு மேல் கேட்டது.

"எலக்ட்ரானிக்ஸ்தான் எடுப்பேன்னு ரெண்டு வருஷமா சொல்லிக்கினு இருந்தியே. கிருஷ்ணகிரி பக்கம் கவர்மென்ட் காலேஜி, வீட்ல இருந்தே பஸ்ஸுல போய் வருவேன்னியே. அது இன்னா ஆச்சு?"

"சரிதாக்கா மாத்தி அமுக்கிட்டாங்க."

வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று ஜாஸ்லினுக்கே உறைத்தது. திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் சர்க்கரை எடுக்க உள்ளே போனாள். டப்பாவோடு திரும்பி வந்தபோது வாசலில் டம்ளர் மட்டும் இருந்தது. சென்னம்மா நாலு வீடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

யார் என்ன அமுக்கினார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுவதுதான் முறை.

பொறியியல் கலந்தாய்வுக்கு, வேண்டிய கல்லூரிகளையும் படிப்புகளையும் வரிசையாகக் கணினியில் பதிய வேண்டும். எது அதிகம் வேண்டுமோ அது மேலே. இந்தத் தெருவில் அப்படிப்பட்ட வேலைக்கெல்லாம் ஒரே இடம், முனையில் இருக்கும் சரிதாவின் பிரவுசிங் சென்டர். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். ஆதார் திருத்தம், பி.எஃப்., பஸ் பாஸ், வாக்காளர் அட்டை எல்லாம் அவள் விரலில்தான் நடக்கும்.

ஜாஸ்லின் பட்டியல் பதியப் போன அன்று கடையில் கூட்டம். பின்னால் ஏழெட்டுப் பேர் கழுத்தை நீட்டி நின்றார்கள். ஜாஸ்லின் சாதாரணப் பெண்ணா? பிப்ரவரியில் கிருஷ்ணகிரியில் நடந்த மாவட்டப் பேச்சுப் போட்டியில் 'மாணவர்கள் நல்ல முடிவெடுப்பது எப்படி' என்று பேசிக் கோப்பை வாங்கியவள். அதற்குப் பிறகு தெருவில் அவளைக் கேட்காமல் எதுவும் நடப்பதில்லை. கோழிக்கடை லால் பாஷாவின் மனைவி சுக்ரா, மகள் ஜைபாவை எந்த குரூப்பில் சேர்ப்பது என்று அவளைக் கேட்டுத்தான் சேர்த்தாள். அப்பேர்ப்பட்டவள் முதல் வரியிலேயே வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியைப் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"மொதல்ல சென்னை போடுங்கக்கா," என்றாள்.

அவள் மதிப்பெண்ணுக்கு அந்தப் பெரிய கல்லூரியில் எட்டக்கூடிய படிப்பு ஒன்றே ஒன்றுதான். செராமிக். கேட்டுப் போகிறவர்களுக்கு அருமையான படிப்பு. ஜாஸ்லின் கேட்டது கல்லூரியின் பெயரை.

"பாப்பா, போக மனசில்லாதத மேல வெக்காத," என்றாள் சரிதா.

"அது எங்கக்கா கெடைக்கப்போவுது? சும்மா இருக்கட்டும்."

இரண்டாவதாகக் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லூரியில் கம்ப்யூட்டர். மூன்றாவதாக அதே கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ். கடவுள் நல்லவர், கேட்ட எலக்ட்ரானிக்ஸே கிடைத்தது. இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்கிறேன், ஆனாலும் மேலே காலி வந்தால் அதைக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். இந்த இரண்டாவது பதிலுக்குப் பெயர்தான் அப்வர்ட்.

ஜாஸ்லின் அப்பாவைக் கேட்டாள். சிங்கராயருக்குக் கம்பெனி பாஷைதான் தெரியும். "அப்வர்ட்னா கிரேடு ஏத்தம்மா. யாராவது வேணாம்பாங்களா?" என்றார். ஜாஸ்லினும், வந்தால் கம்ப்யூட்டர், வராவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் என்று கணக்குப் போட்டாள். மேலே ஒன்று சும்மா உட்கார்ந்திருப்பது அவள் கணக்கில் வரவில்லை.

சரிதா இரண்டு முறை கேட்டாள். "லிஸ்ட்ட இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்றியா?"

"நான் முடிவு பண்ணி ரெண்டு நாள் ஆச்சுக்கா. அமுக்குங்க," என்று சொல்லி, செல்போனுக்கு வந்த ஓடிபியை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள் ஜாஸ்லின்.

யாரோ ஒரு புண்ணியவான் சென்னையில் செராமிக்கை விட்டுவிட்டுப் போனான். அது ஓசூருக்கு வந்து சேர்ந்தது. எலக்ட்ரானிக்ஸ் கைவிட்டுப் போனது.

இனித் தெருவின் கதை. திங்கள் காலை ஜாஸ்லின் சொன்ன ஒரு வரி, செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்தாறு வரியாகப் பெருத்துவிட்டது. சரிதா போனில் பேசிக்கொண்டே அமுக்கினாள் என்றாள் ஒருத்தி. சரிதா பத்தாவதே பாஸ் இல்லையாம் என்றாள் இன்னொருத்தி. பி.காம். சான்றிதழ் கடைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது, ஆனால் சுவரை யார் பார்க்கிறார்கள்? புதன்கிழமை, காலேஜ் விண்ணப்பம் போடப் தெருக்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள்.

ஜாஸ்லின் பால் வாங்கப் போகும்போது அந்தக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜூலை மாதம் கூட்டம் பிதுங்கும் கடையில் சரிதா தனியாக உட்கார்ந்து ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்றும் அதையேதான் துடைத்தாள். ஜாஸ்லின் வியாழக்கிழமை முதல் பின் சந்து வழியாகப் போக ஆரம்பித்தாள். அங்கே சாக்கடை உடைந்து மூன்று மாதமாகிறது. அந்த நாற்றமே பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கராயர் சரிதாவை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்.

சிங்கராயர் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவர். அங்கே பழுதான பீஸ் வந்தால் 'ஒய்-ஒய்' என்று ஒரு தாள் போடுவார்கள். ஏன் பழுது என்று கேட்டு, வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் கேட்டு, ஐந்து ஏன் வரைக்கும் போனால் வேர் தெரிந்துவிடுமாம். அவர் இதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மிக்ஸி புகைந்தபோது சாராள் ஐந்து ஏனுக்கும் பதில் சொன்ன பிறகுதான் புது மிக்ஸி வந்தது. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. ஐந்தாவது ஏனுக்கு 'ஆப்பரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு வருகிறவன் தாளை அவன் முகத்துக்கு நேரே கிழித்துவிடுவார். "அப்படி எழுதுறவன் சோம்பேறி. கெடச்சவன் தலையில கட்டிட்டு டீ குடிக்கப் போறவன்" என்பார். தெருவில் நூறு முறை சொல்லியிருப்பார்.

சரிதா வந்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜாஸ்லின் சுவரோரம் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே சென்னம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் ஒரு துண்டுதான் இருந்தது.

சிங்கராயர் தாளில் கோடு போட்டார். "ஒண்ணாவது ஏன். ஏன் செராமிக் வந்துச்சு?"

"அப்வர்ட் குடுத்ததால சார்," என்றாள் சரிதா.

"ஏன் அப்வர்ட் குடுத்த?"

"ஓடிபி பாப்பா போனுக்குத்தான் வந்துச்சு. அது சொல்லாம என்னால குடுக்க முடியாது."

"அது கொழந்த, ஓடிபி கேட்டா சொல்லிடும். எதுக்குன்னு நீ வெளக்கணுமில்ல?"

சரிதா ஜாஸ்லினைப் பார்த்தாள். ஜாஸ்லின் மின்விசிறியைப் பார்த்தாள். சிங்கராயர் இரண்டாவது கட்டத்தில் 'விளக்கவில்லை' என்று எழுதினார்.

"மூணாவது. அது ஏன் லிஸ்ட்ல மேல இருந்துச்சு?"

"மேல போடச் சொன்னாங்க, போட்டேன்."

"டைப் பண்ணது யாரு?"

"நான்தான் சார்."

"போடாதன்னு சொன்னியா?"

சொன்னதை, காதில் வாங்கியவள்தான் சொல்ல வேண்டும் என்பது போலச் சரிதா மறுபடியும் சுவரோரம் பார்த்தாள். ஜாஸ்லினின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மாவட்ட மேடையில் ஐந்து நிமிடம் தண்ணீர் குடிக்காமல் பேசிய நாக்கு.

மூன்றாவது கட்டம் 'இவள் டைப் செய்தாள்' என்றும், நாலாவது 'தடுக்கவில்லை' என்றும் நிரம்பின. ஐந்தாவதில் சிங்கராயரின் பேனா நின்றது. அவர் தலையைத் தூக்கி மகளைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான். பிறகு குனிந்து எழுதினார். ஜாஸ்லின் நின்ற இடத்திலிருந்தே எழுத்து தெரிந்தது. ஆப்பரேட்டர் கவனக்குறைவு.

"கம்பெனியில கையெழுத்து வாங்குவீங்களாமே சார்," என்று சரிதா எழுந்தாள். "எங்க போடணும்?"

"அதெல்லாம் வேணாம்மா..."

"இருக்கட்டும்." அவளே பேனாவை வாங்கிப் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். ஜன்னலுக்கு வெளியே அந்தத் துண்டு ஒருவழியாகக் கொடியைவிட்டு இறங்கியது.

சாராள் வந்து தாளைப் பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குத் திரும்பிவிட்டாள்.

"அப்பா," என்றாள் ஜாஸ்லின். "அவங்க வேணாம்னு சொன்னாங்க. ரெண்டு வாட்டி சொன்னாங்க. நான்தான்..."

"தெரியும்," என்றார் சிங்கராயர். "இருபத்திரண்டு வருஷமா இதான என் வேல. மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"தெரிஞ்சுமா எழுதுனீங்க?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா வெட்கப்பட்டு ஜாஸ்லின் அதுவரை பார்த்ததில்லை. தன் வெட்கத்தையாவது பின் சந்து வழியாகக் கூட்டிப் போய் ஒளித்துக்கொண்டிருந்தாள். இதை எங்கே கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை அவள் முன் தெரு வழியாகவே சரிதா கடைக்குப் போனாள். மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். சரிதா பாதியிலேயே நிறுத்தினாள்.

"எங்கிட்ட எதுக்கு பாப்பா சொல்ற? நான்தான் பக்கத்துல இருந்தேனே. எனக்குத் தெரியாததா? தெருவுல சொன்ன. தெருவுல போய்ச் சொல்லு."

"எப்படிக்கா? ஒவ்வொரு வீடா..."

"அத நீ முடிவு பண்ணு. அதுக்குத்தான கப்பு வாங்குன?"

சிரிக்காமல் சொன்னாள். ஜாஸ்லினுக்கு அழுகை வந்தது, அழுதால் சரிதா பாவம் பார்க்க வேண்டி வருமே என்று அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒரு பகல் முழுக்க யோசித்தாள். வாட்ஸ்அப் குரூப்பில் போடலாம், முகம் காட்ட வேண்டாம். சென்னம்மாவிடம் மட்டும் சொன்னால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள். ஆனால் சென்னம்மா வழியாகப் போகிற உண்மையும் ஐந்தாறு வரியாகப் பெருத்துத்தான் போகும். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஒரே இடம்தான் மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமை காலை, லால் பாஷா கோழிக்கடை வரிசை.

முதல் பூசை முடிந்து வந்தவர்கள், நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் வந்தவர்கள், சுக்ராவோடு வம்பு பேச வந்தவர்கள் என்று இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். சென்னம்மா கறி சாப்பிடமாட்டாள். ஆனாலும் வரிசையில் இருந்தாள். ஜாஸ்லின் ஒயர் கூடையோடு கடைசியில் போய் நின்றாள். முன்னால் ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாறு பேர் மிச்சம் இருந்தபோது, இதற்கு மேல் போனால் கேட்க ஆள் இருக்காது என்று பயந்து வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. சரிதாக்கா மாத்தி அமுக்கல."

கத்தி நின்றது. திரும்பினார்கள்.

"அவங்க வேணாம்னு சொன்னாங்க. நான்தான் சென்னைய மேல போட்டேன். அப்வர்ட்டும் நான்தான் குடுக்கச் சொன்னேன். அவங்கமேல பழி போட்டது பொய்."

"ஏன்டி மேல போட்ட, போற எண்ணமே இல்லாதப்போ?" என்றாள் சுக்ரா.

அதுதான் அந்தத் தாளில் யாரும் கேட்காத ஏன். ஜாஸ்லினுக்குக் காது மடல் வரை சுட்டது.

"நீங்கல்லாம் பின்னாடி நின்னு பாத்துக்கினு இருந்தீங்களே ஆன்ட்டி. அதுக்குத்தான்."

முதலில் சுதாரித்தவள் சென்னம்மாதான்.

"அய்யோ தேவரே, சாமி! அப்ப நான் இந்த ஒரு வாரமா ஊரெல்லாம் சொன்னது பொய்யா? என் பேரு இன்னா ஆவறது?" என்று நெஞ்சில் கை வைத்தாள். அவள் பேருக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. கேட்டாலும் நிற்க மாட்டாள். விஷயத்தைச் சரிதாவிடம் முதலில் போய்ச் சொல்வது தானாகத்தான் இருக்க வேண்டும் என்று வரிசையைவிட்டு விறுவிறுவென்று முனையைப் பார்த்து நடந்தாள்.

சுக்ரா அப்போதுதான் நினைவு வந்தவள் போல, "ஜைபாவ எந்த குரூப்புல போட்டோம்னு இன்னொரு வாட்டி யோசிக்கணும்ங்க," என்று புருஷனிடம் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு எல்லோருக்கும் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். ஜாஸ்லினுக்குக் கூடையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் வீட்டில் இன்று கறி இல்லை. நின்றாள். வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

லால் பாஷா தராசைத் துடைத்தார். "எவ்ளோம்மா?"

"ஒரு கிலோ அங்கிள்."

"தோலோடயா, உரிச்சா?"

"உரிச்சு."

"அதத்தான் இவ்வளவு நேரமா நீயே பண்ணிட்டியே," என்றார் லால் பாஷா. கறி வாங்கியும் போகாமல் நின்றவர்கள் மொத்தமும் சிரித்தார்கள். ஜாஸ்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தை எங்கேயும் திருப்பாமல், அவர் வெட்டி முடித்துப் பையில் போட்டுக் கொடுக்கும்வரை அங்கேயே நின்றாள்.