ரெட்டைவால் குருவிக்குக் கறுப்புத் தாள்

கள்ளக்குறிச்சி செந்தமிழ்ச்செல்விக்குப் பழைய தாள் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், சினிமா நோட்டீஸ் எல்லாவற்றையும் நறுக்கி, மைதாப் பசை தடவி அட்டையில் ஒட்டிப் பறவையாக்கிவிடுவாள். கண்ணுக்குக் கரியாலூர்க் குன்றிமணி, காலுக்கு ஈர்க்குச்சி. பகுத்தறிவு பேசிய அப்பாவுக்குப் பிறந்தவள். சகுனம், தீட்டு என்று யாராவது வாயெடுத்தால் சிரித்தே விரட்டுவாள்.

பக்கத்து வீட்டு அம்சவள்ளிக்கு ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை வடக்கனந்தல் அன்புச்செல்வன். அவன் ஏர் ஓட்டும்போது மாட்டு முதுகில் வந்து உட்காருமாம் ரெட்டைவால் குருவி. அதில் ஒரு ஜோடி செய்து தரச் சொல்லி அம்சவள்ளி ஆசையாகக் கேட்டிருந்தாள். செய்யலாம்தான். ஆனால் அந்தக் குருவி உச்சி முதல் வால் வரை கறுப்பு. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. சாலைக்குக் குறுக்கே மரங்கள் கிடந்தன, பஸ் இல்லை, கடைகள் திறக்கவில்லை. கறுப்புத் தாளுக்கு எங்கே போவது?

கருமாதிப் பத்திரிகையை எங்கள் பக்கம் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்துவிட்டுக் கூரை இறவாணத்தில் செருகிவிடுவார்கள். அது அங்கேயே மக்கும். செல்வி தெருவில் நாலைந்து கூரைகளில் கையை நுழைத்து உருவி வந்தாள். தாள்களின் கறுப்புக் கரையை மட்டும் நறுக்கி, எழுத்துத் தெரியாமல் இறகிறகாக அடுக்கினாள். காகிதத்துக்குக் கல்யாணம் எது, கருமாதி எது என்று தெரியுமா என்ன? அம்சவள்ளி வந்து சிறகைத் தொட்டுத் தொட்டுப் பூரித்துப்போனாள். காயட்டும் என்று செல்வி சுவரில் மாட்டினாள்.

பசை காய்வதற்குள் சேதி வந்தது. சாலையை மறிக்க வெட்டிய புளியமரம் சாய்ந்தபோது, விலக நேரமில்லாமல் அன்புச்செல்வன் அடியில் சிக்கிவிட்டான். உயிர் அங்கேயே போய்விட்டது.

கேட்ட மாத்திரத்தில் செல்வி பார்த்தது சுவரைத்தான். ஓடிப்போய்ப் படத்தைத் திருப்பி மாட்டினாள். அப்பா சொல்லிக்கொடுத்ததெல்லாம் எங்கே போனதோ, நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரிடம் சொல்லி அழுவது என்றும் தெரியவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் அம்சவள்ளி வந்தாள். கையில் அவனுடைய பத்திரிகை. வாசலில் நிற்காமல் அதோடு நேரே உள்ளே வந்துவிட்டாள்.

“எம்பேரு இதுல இல்லக்கா. கண்ணாலம் ஆவலயே, எப்பிடிப் போடுவாங்க? இத்த நறுக்கி அந்தக் குருவியில வச்சிக் குடு. அவரு இருந்தாருன்றதுக்கு எங்கிட்ட வேற இன்னா இருக்குது?”

அதற்கு மேல் செல்வியால் தாங்க முடியவில்லை. அந்தச் சிறகு முழுக்க எந்தத் தாள் என்பதைச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு, கன்னத்தில் அறை விழும் என்று நின்றாள்.

அம்சவள்ளி சுவரில் திருப்பி மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள்.

“மரம் இன்னா, காயிதத்தப் பாத்துக்கினா வுழுந்துச்சி?” என்றாள். “ஒட்டிக் குடுக்கா.”

பத்திரிகையை நீட்டினாள். ஊரார் கூரையிலிருந்தெல்லாம் வாரி வந்த கை, அந்த ஒரு தாளை வாங்க நீளவில்லை. செல்வி பின்னுக்குப் போய்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

அம்சவள்ளி படத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கத்தரியைத் தானே எடுத்தாள். கறுப்புக் கரையை விட்டுவிட்டு, அவன் பெயரை நறுக்க ஆரம்பித்தாள்.